ஜான் லூயிஸும் ஜூலியன் பாண்டும்: ஒரே கட்சியின் இரு வேட்பாளர்கள் (1986)

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவின் பெரும்பகுதி, அம்மாநிலத்தின் ஐந்தாவது காங்கிரஸ் தொகுதியில் அடங்கியுள்ளது. 1986ஆம் ஆண்டு இத்தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய நடந்த தேர்தலில் ஜான் லூயிஸும் ஜூலியன் பாண்டும் எதிரெதிராகப் போட்டியிட்டனர். இருவரும் 1940ஆம் ஆண்டு பிறந்தவர்கள். இருவரும் கருப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டத்தில் மாணவப் பருவத்திலேயே இறங்கியவர்கள். ஒரே அமைப்பில் தோளோடு தோள் நின்று பணியாற்றியவர்கள். கால் நூற்றாண்டு கால நண்பர்கள்.

கட்சி ஒன்று, இனம் ஒன்று, கொள்கையும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் வாக்காளர்கள் எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர்? கொள்கை வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்தல் எதைத் தீர்மானிக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தேட உதவும் தேர்தல்களுள் 1986ஆம் ஆண்டு அட்லாண்டா தேர்தல் முக்கியமானது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கருப்பின மக்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றின் ஒரு திருப்பமாகவும் அது அமைந்தது.

முதன்மைத் தேர்தல் என்றால் என்ன?

இந்தியாவில் ஒரு தொகுதிக்கான வேட்பாளரைப் பெரும்பாலும் கட்சித் தலைமையே அறிவிக்கிறது. அமெரிக்காவில் அவ்வாறில்லை. ஒரு கட்சியின் சார்பில் போட்டியிட விரும்புவோர் பலர் இருந்தால், அவர்களுள் ஒருவரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். பொதுத்தேர்தலுக்கு முன்பு நடக்கும் இத்தேர்தல் முதன்மைத் தேர்தல் அல்லது பிரைமரி எனப்படும்.

ஜார்ஜியாவின் முதன்மைத் தேர்தலில் இரண்டு சிறப்புக் கூறுகள் உண்டு. முதலாவது, அங்கு வாக்காளர்கள் தம்மை ஒரு கட்சியைச் சேர்ந்தவராகப் பதிவு செய்துகொள்வதில்லை. முதன்மைத் தேர்தல் நாளன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, அதிக வாக்குகள் பெற்றால் மட்டும் வெற்றி கிடைத்துவிடாது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதலிரு இடங்களைப் பெற்றவர்களுக்கிடையே இரண்டாம் சுற்றுத் தேர்தல் நடக்கும். இவ்விரு கூறுகளும் 1986ஆம் ஆண்டின் முடிவைப் பெரிதும் பாதித்தன.

ஒரு தொகுதி ஒரு கட்சியின் கோட்டையாக இருந்தால் அங்கு பொதுத்தேர்தல் பெயரளவுக்கே நடக்கும். உண்மையான போட்டி முதன்மைத் தேர்தலிலேயே முடிந்துவிடும். அட்லாண்டாவின் ஐந்தாவது தொகுதி அப்படிப்பட்ட ஜனநாயகக் கட்சிக் கோட்டை.

தொகுதியின் பின்னணி

மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய துணைவராக விளங்கிய ஆண்ட்ரூ யங் 1972இல் இத்தொகுதியில் வென்றார். அப்போது இங்கு வெள்ளையரே பெரும்பான்மையினர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் ஜெஃபர்சன் லாங் என்பவர் சில மாதங்கள் உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பின் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து ஜார்ஜியாவிலிருந்து காங்கிரசுக்குச் சென்ற முதல் கருப்பினத்தவர் யங் ஆவார்.

1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் யங்கை ஐ.நா. தூதராக நியமித்ததால் இடம் காலியானது. அதற்கான இடைத்தேர்தலில் ஜான் லூயிஸ் போட்டியிட்டு இரண்டாம் சுற்றில் வைச் ஃபௌலர் என்ற வெள்ளையரிடம் தோற்றார்.

1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிகளின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. அப்போது மாநிலச் செனட் உறுப்பினராக இருந்த ஜூலியன் பாண்ட், ஐந்தாவது தொகுதியில் கருப்பினத்தவர் 69 விழுக்காடு இருக்கும்படியான ஒரு திட்டத்தை முன்வைத்தார். மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்காமல் 57 விழுக்காடு கொண்ட வேறொரு திட்டத்தை நிறைவேற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் பெரும்பான்மையே. ஆனால் பல பத்தாண்டுகள் வாக்குரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் மக்கள்தொகைப் பெரும்பான்மை அப்படியே வாக்குப் பெரும்பான்மையாக மாறுவதில்லை. பதிவு செய்தோர் குறைவு, வாக்களிக்க வருவோர் அதனினும் குறைவு.

1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டப்படி, ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதிகளையோ எல்லைகளையோ மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. நீதித்துறை ஒப்புதல் தர மறுத்தது. 1982இல் வாஷிங்டன் நீதிமன்றமும், இத்திட்டம் இனப்பாகுபாட்டு நோக்கத்துடன் வரையப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வரையப்பட்ட புதிய எல்லையில் கருப்பினத்தவர் விழுக்காடு ஏறத்தாழ 65 ஆக உயர்ந்தது.

ஆக, பிற்காலத்தில் தாம் போட்டியிடவிருந்த தொகுதியை உருவாக்கப் போராடியவர் பாண்ட். அச்சட்டம் பிறப்பதற்கு அலபாமாவின் சாலையில் இரத்தம் சிந்தியவர் லூயிஸ். இருவரின் பங்கும் இல்லையேல் 1986ஆம் ஆண்டின் அந்தத் தொகுதி இல்லை.

ஜான் லூயிஸ்

ஜான் லூயிஸ் 1940 பிப்ரவரி 21 அன்று அலபாமா மாநிலத்தின் டிராய் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் பயிரிட்டு விளைச்சலில் பங்கு கொடுத்துவந்த ஏழை உழவர்கள். பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர் லூயிஸ். பண்ணைக் கோழிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சிறுவயதில் அவருடையது. போதகராக விரும்பிய சிறுவன் அந்தக் கோழிகளைக் கூட்டி வைத்தே பிரசங்கம் செய்து பழகினான்.

பின்னர் நாஷ்வில் நகரில் இறையியல் பயின்றார். அங்கு ஜேம்ஸ் லாசன் நடத்திய அகிம்சைப் பயிற்சி வகுப்புகள் அவரது வாழ்வை மாற்றின. லாசன் 1950களில் நாக்பூரில் தங்கிப் பணியாற்றியபோது காந்தியடிகளின் சத்தியாகிரக முறையைக் கற்றவர். அடித்தால் திருப்பி அடிக்காதிருக்கவும், இழிவுச் சொற்களுக்கு முகம் மாறாதிருக்கவும் அவ்வகுப்புகளில் ஒத்திகை பார்க்கப்பட்டது.

1960இல் வெள்ளையருக்கு மட்டுமான உணவகங்களில் அமர்ந்து நடத்திய மறியலில் லூயிஸ் கைதானார். 1961இல் வெள்ளையரும் கருப்பினத்தவரும் பேருந்தில் ஒன்றாகப் பயணம் செய்த விடுதலைப் பயணத்தின் முதல் 13 பேரில் ஒருவராக இருந்தார். தென் கரோலினாவிலும் அலபாமாவிலும் தாக்கப்பட்டார். 1963இல் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவரானார். ஸ்னிக் என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட அந்த அமைப்பின் சார்பில், அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் பேரணியில் தமது 23ஆம் வயதில் உரையாற்றினார்.

1965 மார்ச் 7 அன்று செல்மா நகரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டுச் சென்ற சுமார் 600 பேரை ஹோசியா வில்லியம்சுடன் சேர்ந்து வழிநடத்தினார். காவலரின் தடியடியில் லூயிஸின் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்டு நாடு அதிர்ந்தது. ஐந்து மாதங்களில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

1966இல் ஸ்னிக் அமைப்பின் தலைமையை ஸ்டோக்லி கார்மைக்கேலிடம் இழந்தார். கருப்பின ஆற்றல் என்ற முழக்கம் எழுந்த அக்காலத்தில், இன ஒற்றுமையையும் அகிம்சையையும் விடாது பேசிய லூயிஸ் பழமைவாதியாகக் கருதப்பட்டார். 1970 முதல் 1977 வரை வாக்காளர் கல்வித் திட்டம் என்ற அமைப்பின் இயக்குநராக இருந்து தென் மாநிலங்களில் வாக்காளர் பதிவை ஊக்குவித்தார். 1981இல் அட்லாண்டா நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஜூலியன் பாண்ட்

ஜூலியன் பாண்ட் 1940 ஜனவரி 14 அன்று நாஷ்வில் நகரில் பிறந்தார். தந்தை ஹொரேஸ் மான் பாண்ட் புகழ்பெற்ற கல்வியாளர். பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தின் முதல் கருப்பினத் தலைவர். நூல்களும் அறிஞர்களும் சூழ்ந்த வீட்டில் வளர்ந்த பாண்ட், குவேக்கர் சமயப் பிரிவினர் நடத்திய தனியார் பள்ளியில் பயின்றார். பின்னர் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மார்ட்டின் லூதர் கிங்கின் வகுப்பில் பயின்ற மிகச் சிலருள் அவரும் ஒருவர்.

1960இல் அட்லாண்டா மாணவர் போராட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, நகர மன்ற உணவகத்தில் நடந்த மறியலில் கைதானார். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்னிக் அமைப்பு உருவானபோது அதன் தொடக்கக்காரர்களுள் இடம்பெற்றார். அதன் செய்தித் தொடர்பாளராக ஐந்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். கிராமங்களில் தொண்டர்கள் தாக்கப்பட்ட செய்திகளைத் திரட்டி, சரிபார்த்து, நாளிதழ்களுக்கு அனுப்புவது அவர் பணி. வெளியுலகம் அறியாத வன்முறை தண்டிக்கப்படாமலே போகும் என்பதால் இப்பணி உயிர்காக்கும் பணியாகவே இருந்தது.

1965இல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் வியட்நாம் போரை எதிர்த்த ஸ்னிக் அறிக்கையை ஆதரித்ததற்காக, 1966 ஜனவரியில் 184க்கு 12 என்ற வாக்கு வேறுபாட்டில் அவரை உறுப்பினராக ஏற்க அவை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மக்கள் பிரதிநிதி என்பதால் ஒருவரின் கருத்துரிமை குறைந்துவிடாது என்று நீதிபதிகள் 1966 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

1968இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் பதவிக்கு பாண்டின் பெயர் முன்மொழியப்பட்டது. அப்பதவிக்கு 35 வயது வேண்டும். அவருக்கு 28 வயதே ஆகியிருந்ததால் விலகிக்கொண்டார். அதன்பின் நாடறிந்த மனிதரானார். மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்ந்து இருபது ஆண்டுகள் பணியாற்றினார். பல்கலைக்கழக மேடைகளில் இடைவிடாது உரையாற்றினார். தோற்றப் பொலிவும் நாவன்மையும் நகைச்சுவையும் ஒருங்கே அமைந்தவர்.

இயக்கத்தில் இருவரின் இடம்

இருவரையும் ஒப்பிடும்போது இரண்டு வகைப் பணி நம் கண்முன் வருகிறது. லூயிஸ் களத்தில் நின்றவர். அவர் பட்ட அடிகளே அவருடைய வாக்குமூலம். பாண்ட் அந்தக் களத்தின் செய்தியை உலகுக்குச் சொன்னவர். அவருடைய ஆயுதம் சொல். லூயிஸின் பேச்சு அலபாமா கிராமத்து வாடையோடு மெதுவாகவும் தடுமாற்றத்தோடும் வரும். பாண்டின் பேச்சு செதுக்கியது போலிருக்கும். ஒருவர் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர், மற்றவர் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்தவர்.

இந்த வேறுபாடு அவர்களைப் பிரிக்கவில்லை. 1964இல் ஸ்னிக் குழுவினருடன் இருவரும் ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்குச் சென்றனர். 1971இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிராமங்களில் வாக்காளர் பதிவுக்காக ஒன்றாகப் பயணம் செய்தனர். கூட்டத்தை ஈர்க்க பாண்டின் புகழும், கூட்டத்தை அமைப்பாக்க லூயிஸின் உழைப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. ஒரே இடத்துக்கு இருவரும் போட்டியிடும்வரை இந்த வேறுபாட்டுக்கு விலை கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை.

முதல் சுற்று

1986இல் வைச் ஃபௌலர் அமெரிக்கச் செனட் தேர்தலில் போட்டியிட முடிவு செய்ததால் ஐந்தாவது தொகுதி காலியானது. நகர மன்றப் பதவியிலிருந்து லூயிஸ் போட்டிக்கு வந்தார். மாநிலச் செனட்டிலிருந்து பாண்ட் வந்தார். வேறு சிலரும் களத்தில் இருந்தனர்.

தொடக்கத்திலிருந்தே பாண்ட்தான் வெல்வார் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. நாடறிந்த பெயர், தேசிய அளவில் நிதி திரட்டும் ஆற்றல், கருப்பின மேல்தட்டின் ஆதரவு ஆகியவை அவரிடம் இருந்தன. லூயிஸ் பேருந்து நிறுத்தங்களிலும் வீட்டு வாசல்களிலும் கைகுலுக்கி வாக்குக் கேட்டார். வண்டியிழுக்கும் குதிரை வேண்டுமா, அழகுக்கு நிற்கும் குதிரை வேண்டுமா என்ற பொருளில் அவர் அமைத்த முழக்கம் ஊரெங்கும் பேசப்பட்டது.

ஆகஸ்டு 12 அன்று நடந்த முதல் சுற்றில் பாண்ட் 47 விழுக்காடும் லூயிஸ் 35 விழுக்காடும் பெற்றனர். பாண்டுக்குத் தேவைப்பட்டது இன்னும் மூன்று விழுக்காடும் சிறிதும் மட்டுமே. பாதியை அவர் தாண்டாததால் செப்டம்பர் 2 அன்று இரண்டாம் சுற்று என்று ஆனது.

மூன்று வாரங்கள்

இடைப்பட்ட மூன்று வாரங்கள் நட்பைச் சோதித்தன. வரி, வேலைவாய்ப்பு, வெளியுறவு என எதை எடுத்தாலும் இருவரின் நிலைப்பாடும் ஒன்றாக இருந்ததால் விவாதம் கொள்கையை விட்டு ஆளை நோக்கித் திரும்பியது. உழைத்தவர் யார், பேசியவர் யார் என்பதே மையக் கேள்வியானது. தொகுதி மக்களைவிட வெளியூர் மேடைகளுக்கே பாண்ட் அதிக நேரம் கொடுத்தார் என்ற குறை சொல்லப்பட்டது. இருபது ஆண்டுச் சட்டமன்ற அனுபவத்தையும் தொகுதியை உருவாக்கிய போராட்டத்தையும் பாண்ட் தம் சான்றுகளாக முன்வைத்தார்.

போதைப்பொருள் சோதனை இன்னொரு சர்ச்சை. அதிபர் ரீகனின் ஆட்சியில் போதைப்பொருளுக்கு எதிரான பரப்புரை உச்சத்தில் இருந்த காலம் அது. வேட்பாளர்கள் சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. லூயிஸ் சோதனை செய்துகொண்டார். தனிமனித உரிமைக்கு எதிரானது என்று கூறி பாண்ட் மறுத்தார். தொலைக்காட்சி விவாதம் ஒன்றில், அப்போதே எழுந்து சென்று சோதனை செய்துகொள்ளலாம் வாருங்கள் என்று லூயிஸ் பாண்டை அழைத்தார்.

பாண்டின் மறுப்பில் நியாயம் இருந்தது. குற்றம் செய்ததற்கான அறிகுறி எதுவும் இல்லாத ஒருவரைத் தம் தூய்மையை மெய்ப்பிக்கச் சொல்வது, குடிசார் உரிமைக்காக வாழ்ந்த எவருக்கும் உவப்பானதன்று. ஆனால் தேர்தல் மேடையில் மறுப்பு என்பது ஐயமாக மாறிவிடும். கொள்கையால் வேறுபடாத இரு வேட்பாளர்களுக்கிடையே போட்டி நெருங்கும்போது, நடத்தை பற்றிய ஐயமே எளிதில் ஆயுதமாகிறது. உட்கட்சிப் போட்டிகள் வெளிக்கட்சிப் போட்டிகளைவிடக் கசப்பாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவும் வாக்குக் கணக்கும்

செப்டம்பர் 2 அன்று லூயிஸ் ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். பாண்ட் 48 விழுக்காடு பெற்றார். கருப்பின வாக்காளர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் பாண்டை ஆதரித்தனர். வெள்ளை வாக்காளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் லூயிஸை ஆதரித்தனர்.

கருப்பின மக்கள் தமக்கு விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்ட தொகுதியில், அவர்களுள் பெரும்பாலோர் விரும்பியவர் தோற்றார். இதைக் கொண்டு பாண்டின் ஆதரவாளர்கள் கசப்படைந்தது இயல்பே. ஆனால் அதே எண்களை வேறு விதமாகவும் படிக்கலாம். கருப்பின வாக்காளர்களில் பத்தில் நான்கு பேர் லூயிஸின் பக்கம் நின்றிராவிட்டால் வெள்ளையர் ஆதரவு மட்டும் அவரை வெற்றிக்கரை சேர்த்திருக்காது.

வெள்ளையர் லூயிஸை ஏன் விரும்பினர்? ஒரு காரணம் உள்ளூர்ச் சார்ந்தது. முன்னாள் அதிபர் கார்ட்டரின் நூலகத்துக்குச் செல்ல நகரின் கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளின் ஊடே திட்டமிடப்பட்ட பெருஞ்சாலையை நகர மன்றத்தில் லூயிஸ் எதிர்த்தார். நகரத் தலைவர்கள் பலரும் ஆதரித்த திட்டத்துக்கு எதிராக நின்றதை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. இன்னொரு காரணம் நீண்டகால இயல்பு சார்ந்தது. 1966இல் தலைமையை இழக்கக் காரணமாக இருந்த அதே இன ஒற்றுமைப் பேச்சு, இருபது ஆண்டுகள் கழித்து அவருக்கு வாக்காக வந்து சேர்ந்தது.

விதியின் முரண்

முதல் சுற்றில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறை இருந்திருந்தால் 47 விழுக்காட்டுடன் பாண்ட் வென்றிருப்பார். இரண்டாம் சுற்று விதிதான் முடிவை மாற்றியது.

அந்த விதியின் பிறப்பு கவனிக்கத்தக்கது. ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் வாக்கு பெற வேண்டும் என்ற சட்டம் 1964இல் இயற்றப்பட்டது. வெள்ளை வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறினால் கருப்பினத்தவர் ஆதரிக்கும் வேட்பாளர் வென்றுவிடக்கூடும். இரண்டாம் சுற்று வைத்தால் வெள்ளையர் ஒருவர் பின் ஒன்றுதிரளலாம் என்பதே அதன் பின்னிருந்த கணக்கு. அதை முன்னெடுத்த சட்டமன்ற உறுப்பினர் டென்மார்க் குரூவர், இனநோக்கம் இருந்ததைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1984 அதிபர் தேர்தல் பரப்புரையில் ஜெசி ஜாக்சன் இந்த இரண்டாம் சுற்று முறையை ஒழிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

கருப்பினத்தவரைத் தடுக்க வந்த விதியின்கீழ் 1977இல் லூயிஸ் தோற்றார். அதே விதி 1986இல் அவரை வெற்றிபெறச் செய்தது. ஒரு சட்டம் எந்த நோக்கத்தில் பிறந்தாலும், அது செயல்படும் களம் மாறும்போது அதன் விளைவும் மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் சுற்றில் இருவருமே கருப்பினத்தவராக இருந்ததால் வெள்ளையர் யாரைத் தடுப்பது என்று அல்லாமல் யாரைத் தேர்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. வாக்குரிமைச் சட்டம் களத்தை அந்த அளவுக்கு மாற்றியிருந்தது.

தேர்தலுக்குப் பின்

நவம்பர் மாதப் பொதுத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் போர்ஷியா ஸ்காட்டை எளிதில் வென்ற லூயிஸ், 1987 ஜனவரியில் பதவியேற்றார். 2020 ஜூலை 17 அன்று இறக்கும்வரை 33 ஆண்டுகள் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் அமைய 1988 முதல் மசோதாக்களைத் தொடர்ந்து கொண்டுவந்தார். 2003இல் அது சட்டமானது. 2016இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உழைக்கும் குதிரை என்ற தம் முழக்கத்துக்கு அவர் அளித்த சான்றாக இதைக் கொள்ளலாம்.

தோல்விக்குப் பின் பாண்டின் மாநிலச் செனட் பதவியும் 1987 தொடக்கத்தில் முடிந்தது. ஆனால் அவரது பொதுவாழ்வு முடியவில்லை. அதே ஆண்டு ஒளிபரப்பான குடிசார் உரிமை இயக்கம் பற்றிய 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' என்ற ஆவணத் தொடருக்குக் குரல் கொடுத்தார். அமெரிக்கத் தலைமுறைகள் பல அந்த இயக்கத்தை அறிந்துகொண்டது அவர் குரல் வழியாகத்தான். அமெரிக்கன் பல்கலைக்கழகத்திலும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார். 1998 முதல் 2010 வரை கருப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

இருவரின் நட்பு உடனே சீராகவில்லை, காலப்போக்கில் ஆறியது. பாண்ட் தலைவராக இருந்த காலத்தில், 2002இல், அச்சங்கத்தின் உயரிய விருதான ஸ்பிங்கார்ன் பதக்கம் லூயிஸுக்கு வழங்கப்பட்டது. 2009இல் பாண்டும் அப்பதக்கத்தைப் பெற்றார். 2015 ஆகஸ்டு 15 அன்று பாண்ட் மறைந்தபோது வெளியிட்ட இரங்கல் செய்தியில், 1986ஆம் ஆண்டு கடினமான காலமாக இருந்ததையும், பின்னர் முன்னைவிட நெருக்கமானதையும் லூயிஸ் குறிப்பிட்டார்.

முடிவுரை

கொள்கை வேறுபாடு இல்லாத இரு வேட்பாளர்களுக்கிடையே வாக்காளர் மூன்றைப் பார்க்கின்றனர் என்பதை 1986ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டுகிறது. ஒருவர் எப்படி வேலை செய்வார், எங்கிருந்து வந்தார், யார் யாரைத் தம்முடன் சேர்த்துக்கொள்வார் என்பனவே அவை. பாண்டிடம் புகழும் அறிவும் நீண்ட சட்டமன்ற அனுபவமும் இருந்தன. லூயிஸிடம் விடாமுயற்சியும், இன எல்லையைக் கடந்த ஆதரவும் இருந்தன. இவற்றுள் எது உயர்ந்தது என்பதற்குத் தேர்தல் நிரந்தர விடை தருவதில்லை. அந்த நேரத்தில், அந்தத் தொகுதியில், அந்த விதியின்கீழ் எது வென்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

உட்கட்சிப் போட்டியை ஒற்றுமைக்குக் கேடு என்று கருதுவோர் உண்டு. அட்லாண்டாவில் அது ஒரு நட்பைக் காயப்படுத்தியது உண்மையே. ஆயினும் இருபதாண்டுகளுக்கு முன் கருப்பினத்தவர் வாக்களிக்கவே அடிபட வேண்டியிருந்த தென் மாநிலங்களில், இரு கருப்பினத் தலைவர்களுள் எவர் வேண்டும் என்று மக்கள் வரிசையில் நின்று முடிவு செய்தனர். தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது எதிரிக்கும் நண்பனுக்கும் இடையே தேர்வதற்கு மட்டுமன்று, இரு நண்பர்களுக்கிடையே தேர்வதற்கும் உரியது. அவ்வுரிமைக்காக இளமையில் சிறை சென்ற இருவருமே, நடுவயதில் அதன் கடினமான தீர்ப்புக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர்.